பதினைந்தாம் பிரிவு

1881 மே மாதம் ஜொகூர் பாருவுக்கு ஒரு மன்னர் விருந்தினராக வந்தார். அவர் ஹவாய்த் தீவுகளை ஆண்ட டேவிட் கலாகௌவா. உலகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவந்த முதல் மன்னர் என்ற பெயர் அவருக்கு உண்டு. தம் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடுவதும் அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. ஜப்பான், சீனா, சயாம் எல்லாம் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் வந்தவரை, ஜலசந்திக்கு இந்தப் பக்கம் அழைத்து உபசரித்தவர் மகாராஜா அபு பக்கார். கலாகௌவா அவருக்கு ஹவாயின் அரச விருதை வழங்கினார். மன்னரின் பரிவாரத்தில் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் என்றொருவர் இருந்தார். அமெரிக்கப் பாதிரிமார் குடும்பத்தில் ஹவாயில் பிறந்து, நியூயார்க்கில் வக்கீல் தொழில் செய்து, பிறகு ஹவாய் அரசின் தலைமை வழக்கறிஞரானவர். 1904இல் அந்தப் பயணத்தை அவர் புத்தகமாகவும் எழுதினார்.

இரண்டு அரசர்களுக்கும் கவலை ஒன்றுதான். ஒரு வல்லரசின் வாசற்படியில் இருக்கும் சிறிய நாட்டை எப்படிக் காப்பாற்றுவது? இருவரின் கஜானாவும் தோட்டப் பயிரை நம்பியிருந்தது. அங்கே கரும்பு, இங்கே மிளகும், தோல் பதனிட உதவும் கேம்பியரும். இரண்டு நாட்டிலும் மண்ணில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவர்கள். பதினான்கு ஆண்டுகள் கழிந்தபோது ஒருவருடைய நாடு கைநழுவிப் போயிருந்தது. மற்றவருடையது நின்றது. இரண்டு இடத்திலும் முடிவைத் தீர்மானித்தது சட்டம் எழுதத் தெரிந்தவர்களின் கை என்பது என் எண்ணம். ஜொகூரின் 1895ஆம் ஆண்டுச் சாசனத்தைப் பற்றி எழுதும் இந்த அத்தியாயத்தில் முதலில் ஹவாய்க்குப் போய்வருவது அதனால்தான்.

சான்ஃபர்ட் டோல் 1844இல் ஹொனலுலுவில் பிறந்தார். அவருடைய பெற்றோரும் அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார்தான். மாசசூசெட்ஸில் சட்டம் பயின்று, அங்கேயே வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்பினார். 1884இல் ஹவாய்ச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மன்னரின் செலவுகளையும் அமைச்சர்களையும் கண்டித்துப் பேசும் அணியில் முன்வரிசை அவருக்கு. அந்த அணியின் இன்னொரு வக்கீல் லாரின் தர்ஸ்டன். 1887 ஜூலையில் அந்தக் கூட்டம் ஒரு புதிய அரசியல் சாசனத்தை எழுதி, ஆயுதம் தாங்கிய தொண்டர் படையை ஊருக்குள் நிறுத்தி, கலாகௌவாவிடம் கையெழுத்து வாங்கியது. ‘துப்பாக்கிமுனைச் சாசனம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மன்னரின் அதிகாரம் அமைச்சர்களுக்குப் போயிற்று. மேலவைக்கு ஓட்டுப்போட 600 டாலர் வருமானம் அல்லது 3,000 டாலர் சொத்து வேண்டும் என்றார்கள்; ஏழை ஹவாயியர் அந்த வாசலிலேயே நின்றுபோனார்கள். தோட்டங்களில் உழைத்த சீனருக்கும் ஜப்பானியருக்கும் ஓட்டே கிடையாது. அமெரிக்கரும் ஐரோப்பியரும் மட்டும் ஹவாய்க் குடிமக்களாக ஆகாமலே ஓட்டுப்போடலாம்!

அதே ஆண்டின் கடைசியில் டோல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1893 ஜனவரியில் கலாகௌவாவின் தங்கை லிலியோகலானி அரசியார், பழைய அதிகாரங்களை மீட்கும் ஒரு புதிய சாசனத்தைக் கொண்டுவர முயன்றார். 16ஆம் தேதி அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து வீரர்கள் கரையிறங்கினார்கள். மறுநாள் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. நீதிபதி பதவியை உதறிவிட்டு இடைக்கால அரசுக்குத் தலைவரானார் டோல். அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லண்டே இதை அநியாயம் என்று கருதி, அரசியாரை மீண்டும் அமர்த்தும்படி கேட்டார், டோல் மறுத்துவிட்டார். 1894 ஜூலை 4 அன்று குடியரசு பிரகடனமாயிற்று. அடுத்த ஜனவரியில் அரசியாரின் ஆதரவாளர்கள் கிளர்ந்தெழுந்து தோற்றார்கள். சிறைவைக்கப்பட்ட அரசியாரிடம் முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்பட்டது. 1898இல் ஹவாயை அமெரிக்கா சேர்த்துக்கொண்டது. டோல் அதன் முதல் ஆளுநரானார். அதற்குப் பிறகு கூட்டரசு நீதிபதியாகவும் இருந்தார். வக்கீல், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, ஜனாதிபதி, ஆளுநர், மீண்டும் நீதிபதி என்று ஒரே மனிதர் அத்தனை நாற்காலியிலும் அமர்ந்தார். அன்னாசிப்பழ டப்பாக்களில் நாம் பார்க்கும் டோல் என்ற பெயர் அவருடைய உறவினர் ஜேம்ஸ் டோல் தொடங்கிய கம்பெனியுடையது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

மூவார் எப்படி ஜொகூரோடு சேர்ந்தது என்பதைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சுல்தான் அலி ரொக்கமாக 5,000 டாலரும் மாதம் 500 டாலரும் பெற்றுக்கொண்டு, கீசாங் – மூவார் பகுதி நீங்கலாக மற்ற ஜொகூரைத் தெமெங்கோங் இப்ராகிமுக்கு விட்டுக்கொடுத்தார். அப்பாவின் அந்த உடன்படிக்கையிலிருந்து அபு பக்கார் ஒரு பாடம் படித்துக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு தாளில் எழுதிய நாலு வரி ஒரு சுல்தானை ஓய்வூதியக்காரராக்கும்; ஒரு தெமெங்கோங்கை நாட்டுக்கு உடையவராக்கும்.

சிங்கப்பூரில் பாதிரியார் கீஸ்பெரியின் பள்ளியில் படித்த அபு பக்கார் 1862இல் பட்டத்துக்கு வந்தார். 1866இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். 1868இல் மகாராஜா என்ற பட்டத்தை ஏற்றுக்கொண்டார். இந்தக் காலத்தில் பேராக்கில் நடந்ததை அவர் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1874 பங்கோர் உடன்படிக்கைப்படி அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் வந்தார். சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1875இல் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். சுல்தான் அப்துல்லா சேஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். ஆயுதத்தால் எதிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும், அசட்டையாகக் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பேராக் ஒன்றே சாட்சியாக நின்றது.

ஆகவே அபு பக்கார் பிரிட்டிஷாரின் ஆயுதத்தையே கையில் எடுத்தார். சிங்கப்பூர் வக்கீல்களை வைத்துக்கொண்டார். ரோடிக் அண்ட் டேவிட்சன் என்ற சட்ட நிறுவனத்தின் பெயர் ஜொகூரின் விவகாரங்களில் திரும்பத் திரும்ப வரும். அதன் பங்குதாரர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் சிலாங்கூரிலும் பேராக்கிலும் ரெசிடெண்டாகவே இருந்தவர். வெளியாள் வக்கீல்களை நம்பி மட்டும் இருந்துவிடவில்லை. சொந்த மண்ணிலும் ஒருவரை வளர்த்தெடுத்தார். அவர்தான் அப்துல் ரஹ்மான் அண்டாக்.

1859இல் பிறந்த அப்துல் ரஹ்மான், இளம் வயதிலேயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்ட மலாய்க்காரர்களில் ஒருவர். திரும்பிவந்து அரசரின் செயலாளரானார். பிரிட்டிஷ் அதிகாரிகள் எழுதும் கடிதத்துக்கு அவர்கள் பாஷையிலேயே, அவர்கள் சட்ட நடையிலேயே பதில் எழுதத் தெரிந்தவர். 1888இல் ஜொகூர் பாருவில் மலாய் மொழிக்கென ஒரு சங்கம் தோன்றியபோது அதற்கு வித்திட்டவர்களிலும் அவர் பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. ஃபிராங்க் சுவெட்டன்ஹம் போன்றவர்களின் காழ்ப்பே அவருடைய திறமைக்கு நற்சான்று என்பேன்.

1885 டிசம்பர் 11 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை இந்தக் கூட்டணியின் முதல் பெரிய விளைச்சல். ஜொகூரின் வெளிநாட்டு உறவு பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று, அது விலை. கைம்மாறாக, ‘ஜொகூர் மாநிலத்துக்கும் அதன் ஆட்சிப்பகுதிக்கும் சுல்தான்’ என்று அபு பக்காரை பிரிட்டன் எழுத்தில் ஏற்றுக்கொண்டது. ஒரு பிரிட்டிஷ் பிரதிநிதியை நியமிக்கலாம் என்ற விதியும் அதில் உண்டு. ஆனால் அவருக்குத் தூதரக அதிகாரியின் வேலைதான். ரெசிடெண்டின் அதிகாரம் இல்லை. அந்தப் பதவிக்கும் 1910 வரை ஆள் வரவில்லை. மறு ஆண்டே லண்டனில் ஜொகூர் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகளை அதில் உட்காரவைத்து, சிங்கப்பூர் ஆளுநரைத் தாண்டி நேரே லண்டனில் பேச ஒரு வழியைத் திறந்துவைத்தார்கள்.

அந்த உடன்படிக்கைக்கு வந்த சோதனை யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1893இல் ஜென்னி மைகல் என்ற ஆங்கிலேயப் பெண் சுல்தான் மீது லண்டனில் வழக்குப் போட்டார். 1885இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது சுல்தான் தம்மை ‘ஆல்பர்ட் பேக்கர்’ என்று சொல்லிக்கொண்டு பழகினார், திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்து மீறினார் என்பது அவருடைய புகார். வாக்குத் தவறியதற்கு நஷ்டஈடு கேட்டார். ஒரு நாட்டின் அரசரை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்றார்கள் சுல்தானின் வக்கீல்கள். மைகலின் வக்கீல்கள் சரியான இடத்தில் கைவைத்தார்கள்: பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் உரிமையையே 1885இல் விட்டுக்கொடுத்தவர் எப்படி சுதந்திர அரசர் ஆவார்?

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜொகூர் என்பது ஒரு நாடா, பிரிட்டிஷாரின் பிடியிலுள்ள ஒரு ஜமீனா என்ற கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லும் நிலைக்குக் காலனி அலுவலகம் வந்து சேர்ந்தது. ஜொகூர் ஒரு சுதந்திர நாடு, அதன் சுல்தான் அரசருக்குரிய அதிகாரங்களை எந்தக் கேள்வியுமின்றிச் செலுத்துகிறார், அவருக்குச் சொந்தப் படை, தபால், நீதிமன்றங்கள் எல்லாம் இருக்கின்றன என்ற பொருளில் ஒரு கடிதம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எஷர் பிரபு, லோப்ஸ், கே ஆகிய மூவரும் 1893 நவம்பரில் சுல்தானின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அரசாங்கத்தின் கடிதமே இறுதிச் சான்று. உடன்படிக்கையால் சில உரிமைகளை விட்டுக்கொடுத்தவர் அரசர் என்ற நிலையை இழந்துவிடுவதில்லை. வேறு பெயரில் நடமாடியதாலேயே அவர் ஆங்கில நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடவும் மாட்டார். அரசர்களின் சட்டக் காப்பு பற்றிய பாடப்புத்தகங்களில் இந்தத் தீர்ப்பு இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் புகார் உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவே இல்லை. ஜொகூரின் வெற்றியைப் பாராட்டும்போது, கேட்கப்படாமலே போன அந்தக் குரலையும் நான் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது சுல்தானின் கையில் லண்டன் நீதிமன்றமே கொடுத்த ஒரு சான்றிதழ் இருந்தது. ஆனால் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, உடம்பும் தளர்ந்துவிட்டது. தமக்குப் பின் பட்டத்துக்கு வரப்போகும் மகன் இப்ராகிமுக்கு இருபத்தொரு வயதுதான். இளம் அரசரை ஆளுநர் ஒருவர் அழைத்துவைத்துப் பேசி, ஒரே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால்? ஹொனலுலுவில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் சிறையிலிருந்த அரசியாரிடம் அப்படிக் கையெழுத்து வாங்கினார்கள்.

1895 ஏப்ரல் 14 அன்று ஜொகூரின் அரசியல் சாசனம் பிரகடனமாயிற்று. அப்துல் ரஹ்மானின் மூளையும் ரோடிக் அண்ட் டேவிட்சன் வக்கீல்களின் கையும் அதில் இருந்தன. மலாய் மாநிலங்களில் எழுத்தில் வந்த முதல் சாசனம் அதுதான். ஆசியா முழுக்கப் பார்த்தாலும் உதுமானியப் பேரரசின் 1876 சாசனம், ஜப்பானின் 1889 சாசனம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்தில் ஜொகூர் சேர்ந்தது.

அரசர் மலாய்க்காரராக, அரச ரத்தமாக, ஆணாக, முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றது சாசனம். அரசருக்கு ஆலோசனை சொல்ல ஒரு மந்திரி சபை. அதில் மலாய் முஸ்லிம்களுக்குத்தான் இடம். சட்டங்களை ஆராய ஒரு மாநில மன்றம். இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. மாநில மன்ற உறுப்பினர் ஜொகூர்க் குடிமகனாக இருந்தால் போதும்; இனமும் மதமும் தடை இல்லை. கேம்பியர், மிளகு வருமானத்தைத் தூக்கி நிறுத்திய சீனத் தலைவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. எட்டு ஆண்டுக்கு முன் ஹொனலுலுவில் ஆசியரை ஓட்டுச்சாவடியிலிருந்து விரட்டியவர்களின் சாசனத்தோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். இஸ்லாம் அரசின் மதம் என்ற பிரிவிலும், மற்ற மதத்தினர் தத்தம் வழிபாட்டை அமைதியாக நடத்தலாம் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

சாசனத்தின் உயிர் பதினைந்தாம் பிரிவில் இருக்கிறது. நாட்டையோ நாட்டின் ஒரு பகுதியையோ எந்த ஐரோப்பிய அரசுக்கும் அரசர் ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைப்பதற்கான ஒப்பந்தமோ ஏற்பாடோ கூடச் செய்யக் கூடாது. உயில் எழுதும் கிழவர் வீட்டை விற்கக் கூடாதென்று பிள்ளையின் கையைக் கட்டுவதுபோல, தம் வாரிசுகளின் பேனாவை அபு பக்கார் சட்டத்தால் கட்டினார். அந்தப் பேனாவை நீட்டிக்கொண்டு வரப்போகிறவர் யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பிரகடனம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஜூன் 4 அன்று லண்டன் தென் கென்சிங்டனில் ஒரு ஹோட்டலில் அபு பக்கார் காலமானார். உடல் கப்பலில் வந்து செப்டம்பர் 7 அன்று ஜொகூர் பாருவின் மஹ்மூடியா கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாயிற்று. அந்த இடைவெளியில், ஜூலை மாதத்தில், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் கூட்டு மலாய் மாநிலங்களாக ஒரே பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழ் சேரும் உடன்படிக்கைக்கு உட்பட்டன. ஜொகூர் வெளியே நின்றது.

எவ்வளவு காலம் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் வந்தது, ரயில் வந்தது, ஆளுநர்களின் பொறுமை குறைந்தது. 1909இல் பிரிட்டிஷாரின் நெருக்குதலால் அப்துல் ரஹ்மான் அண்டாக் ஓய்வூதியத்தோடு பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மீதி வாழ்க்கை லண்டனில் கழிந்தது; 1930இல் இறந்தார். அவர் போன மறு ஆண்டே டக்ளஸ் கேம்பல் ஆலோசகராக வந்து சேர்ந்தார். 1914 மே 12ஆம் தேதி உடன்படிக்கையில் அவர் பொது ஆலோசகராக, ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டிய அதிகாரத்தோடு அமர்ந்தார். பங்கோர் உடன்படிக்கைக்கு நாற்பது ஆண்டு கழித்து, ஜொகூரும் பிடிக்குள் வந்தது. சாசனம் திருத்தப்பட்டதே தவிர ரத்தாகவில்லை. பதினைந்தாம் பிரிவு அப்படியே இருந்தது.

அது விழித்துக்கொண்டது இன்னும் முப்பது ஆண்டு கழித்து. ஜப்பானியர் போன சூட்டோடு, 1945 அக்டோபரில் சர் ஹரால்டு மக்மைக்கல் ஒரு தாளோடு வந்தார். மலாயன் யூனியன் அமைப்பதற்காக ஆட்சியுரிமையை பிரிட்டிஷ் மன்னருக்கு ஒப்படைக்கும் தாள் அது. அக்டோபர் 20 அன்று முதலில் கையெழுத்திட்ட மலாய் அரசர் சுல்தான் இப்ராகிம். எந்த மகனின் கையைக் கட்ட அபு பக்கார் அந்தப் பிரிவை எழுதினாரோ, அதே மகன். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

ஜொகூர் மலாய்க்காரர்கள் அப்பனின் சாசனத்தை எடுத்து மகனுக்கு எதிரே வைத்தார்கள். டத்தோ அப்துல் ரஹ்மான் முகமது யாசின், டாக்டர் அவாங் ஹசான் முதலானோர், சுல்தானின் கையெழுத்து பதினைந்தாம் பிரிவுக்கு விரோதம், அது செல்லாது என்று வாதிட்டார்கள். யாசின், பின்னாளில் துணைப் பிரதமரான டாக்டர் இஸ்மாயிலின் தந்தை; சுதந்திர மலாயாவின் மேலவைக்கு முதல் தலைவரும் அவரே. 1946 பிப்ரவரி 1, வெள்ளிக்கிழமை. அபு பக்காரின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசலில் கூடியவர்கள் சுல்தானுக்கு எதிராகவே கோஷமிட்டார்கள். தொழுகைக்குக் கூடும் இடத்தில், அரசருக்கு எதிராக, அரசரின் தந்தை எழுதிய சட்டத்தைச் சொல்லி எழுந்த குரல். மலாய் அரசியல் வரலாற்றில் அதற்கு முன்மாதிரி இல்லை. பிறகு சுல்தானும் யூனியனை எதிர்ப்பவர்களோடு சேர்ந்துகொண்டார். மே 11 அன்று ஜொகூர் பாருவின் பெரிய அரண்மனையில் டத்தோ ஓன் ஜாஃபார் தலைமையில் அம்னோ கட்சி பிறந்தது. ஓன், அபு பக்காரின் முதல் மந்திரி புசார் ஜாஃபாரின் மகன். 1948 பிப்ரவரியில் யூனியன் கலைந்து கூட்டரசு வந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வெற்றியில் ஒரு பாகம் கசக்கும். மலாயன் யூனியன் திட்டத்தில், மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களுக்கும், முந்தைய பதினைந்து ஆண்டில் பத்து ஆண்டு வாழ்ந்தவர்களுக்கும் குடியுரிமை தருவதாக இருந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதையில் சாகாமல் திரும்பிய ஜொகூர்த் தோட்டத்துத் தமிழரில் மிகப் பலர் அதில் வந்திருப்பார்கள். அந்தக் குடியுரிமை விதிகள் நடைமுறைக்கு வராமலே யூனியன் முடிந்தது. 1948 கூட்டரசு விதிகளில் வாசல் குறுகிற்று. இங்கே பிறக்காதவர் விண்ணப்பிக்க வேண்டுமானால் இருபது ஆண்டில் பதினைந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியைத் தாண்டாத ஒரு பால்மரத் தொழிலாளிக்கு இரண்டாவது நிபந்தனை எவ்வளவு உயரமான படி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஜொகூரின் சாசனத்தை நான் மதிக்கிறேன்; அதை எழுதியவர்களின் துணிவையும் மதிக்கிறேன். அதைக் கையிலெடுத்தவர்கள் வென்றபோது நம்மவர் இழந்ததையும் அதே பக்கத்தில் எழுதாவிட்டால் வரலாறு முழுமையாகாது.

அந்தப் படியை ஏற முயன்றவர்களையும், விண்ணப்பம் எழுதாமலே இருந்துவிட்டவர்களையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)